தசைநோவும் அதனைத் தணிக்கும் கைக்கருவிகளும்

மக்கள் யாக்கை உழைத்தற்கென்றே அமைந்ததொன்று. உழைப்பில்லாத உறுப்பு நாளடைவில் மெலிந்து வலியற்றுப் போதலும், அளவிறந்து உழைத்த உறுப்பு நோவுற்று நம்மைத் துன்புறுத்தலும் யாவரும் அறிந்தனவே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறியைக் கைக்கொள்ளுதல் அறிவுடையோர் கடன். ஆயினும், அந்நெறியில் நிற்பார்க்கும் தசைநோவு ஒருகால் வாராமலிராது. ஓட்டம் பயில்வோனுக்குக் கெண்டைக்காலிலும், நாட்டியம் பயில்வாளுக்குத் தொடையிலும், நாளெல்லாம் கணிப்பொறியின்முன் அமர்ந்திருப்பார்க்குப் பிடரியிலும் தோளிலும் அது வந்து தங்குகின்றது. அந்நோவைத் தம் இல்லத்திலேயே, பிறர் உதவியின்றி, கையிற் பிடிக்கத்தக்க எளிய கருவியொன்றால் தணித்துக்கொள்ளும் முறையை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

நோவின் காரணம்

நம் நகரத்தின் தென்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின்போது கபாலீசுவரரைத் தோளிற் சுமந்து மாடவீதிகளை வலம் வருகின்ற சீர்பாதம் தாங்கிகளைக் காண்கின்றோம். மார்கழி விடியலிற் குனிந்தும் குந்தியும் வாயில் நிறையக் கோலமிடும் மகளிரைக் காண்கின்றோம். அடையாற்றில் 1936-ஆம் ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கி, இன்று திருவான்மியூரில் விளங்கும் கலாக்ஷேத்திரத்தில் அரைமண்டியில் நின்று அடவு பயிலும் இளைஞரும், ஹாரி குரோ பக் என்பார் 1920-ஆம் ஆண்டில் நிறுவி, இன்று நந்தனத்தில் உள்ள வை. எம். ஸி. ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி மாணவரும் தசைநோவை நன்கு அறிவர். எலியட்ஸ் கடற்கரை மணலில் முதன்முறையாக ஓடிப் பார்த்தவர் மறுநாட் காலையிற் கட்டிலினின்றும் இறங்குதற்கு அஞ்சுவதும் நாம் காணாததன்று.

இந்நோவு உழைத்த அப்பொழுதே தோன்றாமல், பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் கழித்துத் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமெய்தி, ஒரு வாரத்திற்குள் தானே அடங்குவது ஏன்? தசையில் லாக்டிக் அமிலம் தேங்கி நிற்பதே காரணமென்று நெடுங்காலம் பலரும் நம்பினர். இன்றும் நம்புவார் பலர். அது பொருந்தாது. உழைப்பு நின்ற ஒரு மணி நேரத்தளவில் அவ்வமிலம் இரத்தத்திற் கலந்து பெரும்பாலும் நீங்கிவிடும். நீங்கிய பொருள் மறுநாள் வந்து நோவு தருவதெங்ஙனம்?

தியடோர் ஹஃப் என்னும் அமெரிக்க உடலியலறிஞர் 1902-ஆம் ஆண்டிலேயே, தாமதித்து வரும் இந்நோவு தசையின்கண் நேரும் நுண்ணிய சிதைவுகளால் விளைவது எனக் கருதினார். பின்வந்த ஆராய்ச்சிகள் அக்கருத்தை வலியுறுத்தின. தசை சுருங்கி வேலை செய்வதைக் காட்டிலும், சுமையைத் தாங்கிக்கொண்டே நீளும்பொழுது அதன் நுண்ணிழைகள் மிகுதியும் பாதிக்கப்படுகின்றன. அவற்றைச் செப்பனிடும்பொருட்டு உடல் மேற்கொள்ளும் அழற்சியே நோவாக உணரப்படுகின்றது. பரங்கிமலைப் படிகளில் ஏறும்பொழுது மூச்சு வாங்குகின்றது. ஆயினும் மறுநாள் தொடையை நோகச் செய்வது பெரும்பாலும் இறக்கமே. இறங்குகையில் தொடைத்தசை உடலின் பாரத்தைத் தாங்கியவாறே நீள்வதால் இங்ஙனம் நேர்கின்றது.

இஃதன்றி, ஒரே நிலையில் நெடுநேரம் இருத்தலால் வரும் நோவு மற்றொரு வகை. தலையை முன்னே நீட்டிக் கைப்பேசியை நோக்குவார்க்கும், தையற்பொறியின்முன் குனிந்திருப்பார்க்கும் பிடரித்தசைகள் ஓய்வின்றி இறுகி நிற்கின்றன. இவ்விருவகை நோவும் கைக்கருவியால் ஓரளவு தணியத்தக்கன.

நம் முன்னோர் முறை

உடலைப் பிடித்துவிடுதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. சித்த வைத்தியத்தில் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று வகுத்திருக்கின்றனர். புறமருந்துகளுள் ஒன்று தொக்கணம். அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். ஆயுர்வேதத்தார் எண்ணெய் தேய்த்தலை அப்பியங்கம் என்பர். நூல் வழக்கு இங்ஙனமாக, உலக வழக்கோ இன்னும் எளிது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் தாயின் கை மகனின் முதுகை நீவிற்று. கால் கடுத்த பாட்டி பேரனை அழைத்துத் தன் காலின்மேல் மெல்ல மிதிக்கச் செய்தாள். ஆட்கள் நிறைந்த வீட்டில் கருவிக்குத் தேவை இல்லை.

மயிலாப்பூருக்கு இப்பொருளில் தனித்ததொரு சிறப்புண்டு. வி. கிருஷ்ணசாமி ஐயர் அவர்கள் 1905-ஆம் ஆண்டில் அங்கு வேங்கடரமண வைத்தியசாலையை நிறுவி, ஏழைகளுக்கு ஆயுர்வேத மருந்து கிடைக்கச் செய்தார். காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு அவர்கள் 1893-ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனத் தொழில் 1914-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து லஸ் பகுதியில் வேரூன்றியது. அப்பெருமகனார் பெயரால் விளங்கும் பூங்காவில் இன்று காலைதோறும் முதியோரும் இளையோரும் நடை பயில்கின்றனர். நடந்து வந்த கால் நொந்தால் தடவிக்கொள்ளும் தைலத்தை நாட்டிற்குப் பரப்பியவரின் பெயரே அந்நடைக்குரிய சோலைக்கும் அமைந்தது பொருத்தமன்றோ!

மேனாட்டார் கருவிகள்

ஐரோப்பாவில் ஜோஹான் கியோர்க் மெட்சுகர் என்னும் ஒல்லாந்து வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், நீவுதல், பிசைதல், தட்டுதல் முதலிய கைத்தொழில்களை வகைப்படுத்தி வைத்தியருலகம் ஏற்கும்படி செய்தார். சுவீடன் தேசத்து குஸ்தாவ் சாண்டர் 1865-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு நிலையம் நிறுவி, மனிதக் கை செய்வதனை இயந்திரத்தாற் செய்விக்க முயன்றார். 1880-களில் ஆங்கில வைத்தியர் மார்ட்டிமர் கிரான்வில் நரம்பு நோவுக்கும் தசைநோவுக்கும் மின்சாரத்தால் அதிரும் கைக்கருவியொன்றை அமைத்தார். இக்காலத்தில் துப்பாக்கி வடிவில், மின்கலத்தால் இயங்கித் தசையை விரைவாகத் தட்டும் கருவிகள் கடைதோறும் விற்கின்றன. உற்று நோக்கின், நம்மவர் ஒன்பதுள் முதலிற் கூறிய தட்டலையே இவை செய்கின்றன. உருட்டுகோல் நீவுதலையும், பந்து அழுத்தலையும் செய்கின்றன. மல்லாத்தல் முதலிய சில மட்டும் பிறர் உதவியின்றி இயலா.

விளையும் நன்மை யாது?

கருவியை விற்போர் கூறுவன எல்லாவற்றையும் நாம் ஏற்றல் வேண்டா. "நச்சுநீர் வெளியேறும்", "கொழுப்பு உருகும்" என்பன ஆதாரமற்ற சொற்கள். உண்மையில் நிகழ்வன இரண்டு மூன்றே.

முதலாவது, அழுத்தம் என்னும் உணர்ச்சி நோவு என்னும் உணர்ச்சியை மறைக்கின்றது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துக்கொள்கின்றோம் அல்லவா? ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இருவர் 1965-ஆம் ஆண்டில் இதற்கொரு விளக்கம் கூறினர். தண்டுவடத்தில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டென்றும், தொடுதலும் அழுத்தமும் அவ்வழியே மிகுந்து செல்லுங்கால் நோவின் செய்தி மூளைக்குச் செல்வது குறைகின்றதென்றும் அவர்கள் உரைத்தனர். உடலின் உயிரணுக்கள் அழுத்தத்தை உணரும் வாயில்களையும், வெப்பதட்பங்களை உணரும் வாயில்களையும் கண்டறிந்தமைக்காக ஆர்டெம் படபூட்டியன், டேவிட் ஜூலியஸ் என்னும் இருவர்க்கு 2021-ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. தைலத்திலுள்ள மென்தால் தோலிற் குளிர்ச்சியாகத் தோன்றுவதும் குளிரை உணரும் வாயிலை அது திறப்பதனாலேயே.

இரண்டாவது, கானடா தேசத்து மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி. இளைஞர் பதினொருவரைக் கடுமையாக உழைப்பித்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிடித்துவிட்டு, இருகாற் றசையினின்றும் சிறு துணுக்கெடுத்துச் சோதித்தனர். பிடித்துவிட்ட காலில் அழற்சிக் குறிகள் குறைந்திருந்தன; லாக்டிக் அமிலத்தில் மட்டும் வேறுபாடு காணப்படவில்லை. சோதிக்கப்பட்டவர் சிலரே யாதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும், நம் பாட்டியர் வழக்கம் வீணன்று என்பதற்கு இது நல்லதொரு சான்று.

மூன்றாவது, இறுகிய மூட்டு சிறிது நேரம் இளகி அசைகின்றது. அந்நேரத்தில் மெல்ல நடந்தால் நன்மை நிலைக்கும். மீண்டும் நாற்காலியிற் சாய்ந்தால் நோவும் மீளும். சுருங்கக் கூறின், கருவி நோவைக் குறைக்கும். சிதைவைச் செப்பனிடுவது உறக்கமும் உணவும் காலமுமே.

கருவியைத் தேர்தல்

பெரும்பொருள் செலவிடல் வேண்டா. பாண்டி பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் பற்பல உருளைகள் விற்கின்றன. ஆனால் வேண்டுவன பல நம் வீட்டிலேயே உள்ளன. சப்பாத்திக்கட்டை தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் போதும். இதற்கென ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுதல் நன்று. டென்னிஸ் பந்து உள்ளங்காலுக்கும் முதுகுக்கும் உதவும். வளைந்த பிடியுடைய குடையோ கைத்தடியோ கை எட்டாத தோட்பட்டைக்கு ஏற்றது. முள்முள்ளாகக் கூர்மையுடைய உருளைகளை ஒதுக்குக; கூர்மையால் தோல் நோகுமேயன்றித் தசை தணியாது. மின்கருவி வாங்குவோர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தக்கதையும் மெத்தென்ற தலையுடையதையும் தேர்க.

செய்ம்முறை

பொதுவிதிகள் சில உள. வெந்நீர்க் குளியலுக்குப் பின்னோ, ஐந்து நிமிடம் மெல்ல நடந்த பின்னோ தொடங்குக. உண்டவுடன் செய்யற்க. மெல்லிய ஆடையின்மேல் உருட்டுக. எண்ணெய் பூசிய காலிற் கட்டை வழுக்கும். அழுத்தம் "நோகின்றது, ஆயினும் இதமாயிருக்கின்றது" என்னும் அளவில் நிற்றல் வேண்டும். மூச்சை அடக்கிப் பல்லைக் கடிக்க நேர்ந்தால் அளவு மிஞ்சிற்று என்று அறிக. ஓரிடத்தில் ஒன்று அல்லது இரண்டு நிமிடத்திற்கு மேல் வேண்டா. எலும்பின்மேலும் மூட்டின்மேலும் கருவி படலாகாது.

கெண்டைக்கால்: நாற்காலியில் அமர்ந்து, பாதத்தைத் தாழ்ந்த முக்காலியின்மேல் வைத்து, முழங்காலைச் சிறிது மடித்துக்கொள்க. கட்டையை இருகைகளாலும் பற்றி, குதிகாலுக்குச் சற்று மேலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை பத்துப் பதினைந்து முறை மெல்ல உருட்டுக. மேல்நோக்கி உருட்டுகையில் அழுத்தியும், கீழ்நோக்கி வருகையில் தளர்த்தியும் செய்க. முழங்காலின் பின்புறக் குழியில் இரத்தக்குழாய்களும் நரம்பும் செல்வதால் அவ்விடத்தைத் தொடற்க.

தொடை: முழங்காற்சிப்பிக்கு நான்கு விரற்கடை மேலிருந்து இடுப்பை நோக்கி உருட்டுக. முன்புறத்திற்கு அழுத்தம் கூடும். உட்புறத்திற்கு மிகக் குறைவே ஏற்றது.

உள்ளங்கால்: அமர்ந்தவாறே பந்தைப் பாதத்தின்கீழ் வைத்து, குதிகாலிலிருந்து விரலடிவரை உருட்டுக. நாளெல்லாம் நின்று உழைப்பார்க்கு இதனினும் எளிய இதம் வேறில்லை.

முதுகு: பந்தை நீண்ட காலுறையினுள் இட்டு, அதன் மேற்றலையைக் கையிற் பிடித்துத் தோளின் வழியே தொங்கவிட்டுச் சுவரிற் சாய்ந்து நிற்க. முழங்காலை மடக்கியும் நிமிர்த்தியும் அசைந்தால் பந்து தானே உருளும். முதுகெலும்பின் இருமருங்குமுள்ள தசையின்மேல் உருளலாமேயன்றி, எலும்பின்மேல் உருளலாகாது.

தோள்: குடைப்பிடியின் வளைவைக் கழுத்திற்கும் தோள்முனைக்கும் இடையிலுள்ள தடித்த தசையின்மேல் மாட்டி, தண்டை முன்புறமாகக் கீழ்நோக்கி மெல்ல இழுக்க. மூச்சை நிதானமாக விட்டவாறு இருபது முப்பது விநாடி நிறுத்தித் தளர்த்துக. பின்னர்த் தலையை வலமும் இடமும் மெல்லத் திருப்புக. கழுத்தின் முன்புறத்திலும் பக்கத்திலும் எக்கருவியும் படலாகாது. மூளைக்கு இரத்தம் செல்லும் பெருங்குழாய்கள் அங்கே உள்ளன.

மின்கருவியாயின், முதலிற் குறைந்த வேகத்தில் வைத்து, தசையின்மேல் மிதக்கவிடுவதுபோல் நகர்த்துக. தன் பாரமே போதும், கையால் அழுத்துதல் மிகை. தைலம் பூசிய இடத்தில் உடனே வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோதலும் உண்டு. இரண்டில் ஒன்றே போதும். குரக்குவலி இழுக்குங்கால் கட்டையைத் தேடாது, பாதத்தை மேல்நோக்கி மடக்கித் தசையை நீட்டுவதே தக்கது.

விலக்கத்தக்கன

இக்கட்டுரையுள் இப்பகுதியே தலையாயது. மேற்கூறியன மறக்கப்படினும் இழப்புச் சிறிது. இது மறக்கப்படின் உயிரே போதலும் கூடும்.

நெஞ்சின் நடுவே இறுக்கமும், இடத்தோள், கை, தாடை இவற்றிற் பரவும் நோவும், வியர்வையும், மூச்சுத்திணறலும் தோன்றின், அதனை வாயுப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருத்தல் பெரும்பிழை. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை மடிகின்றது. கட்டையையும் பந்தையும் எறிந்துவிட்டு 108 என்னும் எண்ணுக்கு அழைத்து மருத்துவமனை அடைதல் வேண்டும். மகளிர்க்கும் நீரிழிவு உடையார்க்கும் இக்குறிகள் தெளிவின்றி, வெறும் சோர்வாகவும் குமட்டலாகவும் வருதல் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருப்பின், ஆழ்ந்த சிரையில் இரத்தம் உறைந்திருத்தல் கூடும். நெடும்பயணத்திற்குப் பின்னும், அறுவைக்குப் பின்னும், மகப்பேற்றை ஒட்டியும் இவ்வையம் மிகுதி. அக்காலை உருட்டினால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்து உயிருக்கே கேடு விளைக்கும்.

நீரிழிவினாற் பாதத்தின் உணர்ச்சி குன்றியவர் தாம் எவ்வளவு அழுத்துகின்றோம் என்பதனை அறியார். நம் நகரத்தில் இத்தகையோர் மிகப் பலர். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர்க்குச் சிறிது அழுத்தமும் உள்ளே இரத்தம் கசியச் செய்யும். கருவுற்றவர், எலும்பு மெலிந்த முதியவர், நரம்பு புடைத்த காலுடையவர் ஆகியோர் வைத்தியரைக் கேட்டே செய்தல் வேண்டும். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்தில் இரண்டு மூன்று நாள் எவ்வகைக் கருவியும் வேண்டா.

மிகுதியாகத் தட்டுதலும் தீங்கே. மின்கருவியாற் றொடைகளை அளவின்றித் தட்டிக்கொண்ட இளம்பெண்ணொருத்திக்குத் தசை உருகிச் சிறுநீரிற் கலந்த செய்தி 2021-ஆம் ஆண்டில் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. கடும் உழைப்புக்குப் பின்னோ மர்த்தனத்திற்குப் பின்னோ சிறுநீர் தேநீர்போற் கறுத்து இறங்கின், அன்றே மருத்துவமனை செல்க. தாமதித்தாற் சிறுநீரகம் பழுதாகும். ஒரு வாரம் கடந்தும் தணியாத நோவு, மரமரப்பு, வலிவிழப்பு, காய்ச்சல், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் முதுகுவலி ஆகியன வெறுந்தசைநோவு அல்ல.

காரணத்தை நீக்குதல்

நிற்க. நோவைத் தணித்தல் ஒன்று. நோவின் காரணத்தைக் களைதல் மற்றொன்று. தியாகராய நகரின் துணிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் காலை முதல் இரவுவரை நின்றே விற்பனை செய்யும் ஆண்களையும் பெண்களையும் எண்ணிப் பார்ப்போம். அவர்கள் காலுக்குப் பந்தும் கட்டையும் இரவில் இதம் தரலாம். மறுநாளும் பன்னிரண்டு மணி நேரம் நிற்க நேரின் அவ்விதம் என்ன பயக்கும்? ஆதலினாலன்றோ கடைகளிற் பணிபுரிவோர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021-ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்திற்று! நாற்காலி ஒன்று செய்யும் நன்மையை நூறு உருளைகள் செய்யமாட்டா. பொருள் வாங்கச் செல்லும் நாமும், விற்பவர் அமர்ந்தவாறே நமக்கு விடையிறுப்பதனை மரியாதைக் குறைவாகக் கொள்ளாதிருத்தல் வேண்டும்.

இவ்வாறே, படிப்போர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடத்தலும், ஓடுவோர் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுதலும், சுமப்போர் தோள் மாற்றிச் சுமத்தலும் கருவியினும் சிறந்த மருந்துகளாம். முதன்முறை நோவு தந்த உழைப்பே சில நாள் கழித்து மீண்டும் செய்யுங்காற் குறைந்த நோவு தருவதை ஆராய்ச்சியாளரும் கண்டிருக்கின்றனர். உடல் கற்றுக்கொள்கின்றது, கற்பதற்குரிய அவகாசத்தை அதற்கு அளித்தல் நம் கடமை.

ஆதலின் மாணவ நண்பர்காள், நோவு வந்தவிடத்து முதலில் அஃது எவ்வகையது என்று ஆராய்க. தசைநோவே என்று தெளிந்தபின் அளவோடு கருவியை ஆள்க. ஐயம் எழுந்தால் வைத்தியரை நாடுக. வீட்டில் முதியவர் எவரேனும் காலைப் பிடித்துவிடும்படி அழைப்பாராயின், பந்தையும் கட்டையும் அவர் கையிற் கொடுத்துவிட்டு அகலாது, சிறிது நேரம் அருகமர்ந்து நம் கையாலேயே பிடித்துவிடுதல் நன்று.